பூஜ்யம் என்று எழுதிய நாள்

ஸ்டாக்டன், கலிஃபோர்னியா
ஜூலை 2, 1984

டெல்ஃபினுக்கு,

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். இரண்டாவது பக்கத்தின் அடியில் ஒரு கோடு இருக்கிறது. அதன் மேல் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, உள்ளே இருக்கும் உறையிலேயே திருப்பி அனுப்பவும். தபால்தலை ஒட்டியிருக்கிறேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் ஜூன் 18 காலையில் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, அரிசி டப்பாவுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும். பார்த்ததைச் சொல்லவில்லை. சொல்லாதது புதிதில்லை. "போய்ட்டு வரேன்" என்றுகூடச் சொல்லாமல், உங்களோடு ஆலைக்கு வரும் ஃப்ளோரோவின் காரில் ஏறிப் போனதுதான் புதிது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு கோடையும் அலாஸ்கா மீன் ஆலைக்குப் போகிறீர்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் தவறியதில்லை.

அது வகுப்புக்காகச் செய்தது. உளவியலில் ஆய்வு முறைகள் என்று ஒரு பாடம். ஒவ்வொருவரும் ஒரு மனிதரை இருபத்தொரு நாள் கவனித்து, அவருடைய ஒரே ஒரு பழக்கத்தை எண்ணி எழுத வேண்டும். ஒரு பையன் தன் அறைத்தோழன் நகம் கடிப்பதை எண்ணினான். ஒரு பெண் தன் அம்மா பிடிக்கும் சிகரெட்டுகளை. நீங்கள் ஒரு நாளில் வீட்டில் பேசும் வார்த்தைகளை நான் எண்ணினேன். எளிதாக எண்ண முடிகிற ஒன்றாகப் பார்த்து எடுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

எல்லாம் முடிந்து கட்டுரையைக் கொடுத்த பிறகுதான் மிஸஸ் ஆக்டன் கேட்டார், "உங்க வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கினீங்களா?" வாங்கவில்லை. சொன்னால் உங்கள் பேச்சு மாறிவிடும், கணக்கு கெட்டுவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். முடிந்த பிறகாவது சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டுமாம். அந்தத் தாள் வரும்வரை என் மதிப்பெண் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகஸ்ட் 31 கடைசி நாள். அதற்குள் வராவிட்டால் தேர்ச்சி இல்லை என்று ஆகிவிடும். சாக்ரமென்டோ பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த இடமும் போய்விடும்.

பதினாறு வருஷம் பீச் பழம் டின்னில் அடைக்கும் ஆலையில் பெல்ட் முன்னால் நின்றேன். அதை மூடிய பிறகு, இரண்டு வருஷம் இந்தச் சமுதாயக் கல்லூரியில் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து படித்தது அந்த இடத்துக்காகத்தான். நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நாய் நன்றாக இருக்கிறது.

நெனிதா


மீன் ஆலை, அலாஸ்கா
ஜூலை 12

நெனி,

உன் படிவம் வந்தது. முதல் பக்கத்தில் மீன் ரத்தம் பட்டுவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. சால்மன் வந்து குவிகிற வாரம் இது. பதினாறு மணி நேரம் நிற்கிறோம். தபால் விமானம் வந்து இறங்கியபோது கையைக் கழுவக்கூட நேரமில்லை.

என் பேரைக் காணோமே என்று தேடினேன். அப்புறம்தான் பார்த்தேன். "பங்கேற்பாளர் எண் 1. ஆண். வயது 52." நான் எதில் பங்கேற்றேன்? தோட்டத்தில் அஸ்பாரகஸ் தண்டு வெட்டிவிட்டு வந்தேன், பூட்ஸைக் கழற்றினேன், சோறு தின்றேன். அதில் யாரோடும் போட்டி போட்டதாக நினைவில்லை.

நோட்டைப் பார்த்தது உண்மை. பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று தேவைப்பட்டது, தேடினேன். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு. பெட்டி எண்ணுகிற மாதிரி. அடியில் ஆங்கிலத்தில் சராசரி முப்பத்தொன்று என்று எழுதியிருக்கிறாய். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? நாயிடம் பேசியதற்குத் தனிக் கட்டம் வேறு. அதில் என்னைவிட நாய்க்குத்தான் மரியாதை. அதற்குப் பெயர் போட்டிருக்கிறாய், பன்டாய் என்று.

சமையல்காரன் ஃப்ளோரோ பக்கத்துக் கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னய்யா, வீட்லேர்ந்து லெட்டரா?"

"ஆஸ்பத்திரி பேப்பர்."

"உனக்கு என்ன சீக்கு?"

"பேசாத சீக்கு."

"அதுக்கு மாத்திரை எதுக்கு? என் பொண்டாட்டிய ஒரு வாரம் உன் வீட்டுக்கு அனுப்புறேன். ஒண்ணு பேச ஆரம்பிப்ப, இல்ல ஓடிப் போயிடுவ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வெளியே போய் மரப்பாலத்தின் கடைசியில் நின்று படிவத்தை முழுசாகப் படித்தேன். ஆறாவது வரியில், பங்கேற்பாளர் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. நல்ல சட்டம். நான் விலகிக்கொள்கிறேன். வீட்டிலிருந்தும் விலகலாமா என்று அதில் போடவில்லை. உன் ஆசிரியையிடம் கேட்டுச் சொல்.

பத்தொன்பது கோடையில் நீ எனக்கு எழுதியதெல்லாம் கிறிஸ்துமஸ் அட்டை அளவுக்குத்தான். முதல் முறையாக ஒழுங்காக ஒரு கடிதம் வருகிறதே என்று பிரித்தால், கோட்டின்மேல் கையெழுத்துப் போடு என்கிறாய். போட மாட்டேன்.

டெல்ஃபின்

படுக்கையறை ஜன்னலின் கொக்கி ஆடுகிறது. சுத்தியால் அடிக்காதே, உடைந்துவிடும்.


ஸ்டாக்டன்
ஜூலை 21

டெல்ஃபினுக்கு,

மூன்று தாள், இரண்டு பக்கமும். முதலில் ஃப்ளோரோ எழுதிக் கொடுத்திருப்பாரோ என்று நினைத்தேன். அப்புறம் ஜன்னல் கொக்கி பற்றிப் படித்ததும் நீங்கள்தான் என்று தெரிந்தது. இந்தச் சமையலறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து நீங்கள் இவ்வளவு பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். டிரக்கின் கியர் பெட்டி உடைந்த வருஷம்.

கோபம் வந்தது, படித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. இவ்வளவும் உங்களிடம் இருந்திருக்கிறது. கிண்டல்கூட இருந்திருக்கிறது. நான்தான் ஒன்றுமில்லாத பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

எதற்கு எண்ணினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வகுப்பு ஒரு சாக்கு. பீச் ஆலையில் பெல்ட் ஓடுகிற சத்தத்தில் பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை, அங்கேயும் பேச முடியாது. நமக்குப் பிள்ளை இருந்திருந்தால் அதை வைத்தாவது இரண்டு வார்த்தை பேசியிருப்போம். வெளியே யாரிடம் சொன்னாலும், "டெல்ஃபினா? தங்கமான மனுஷன், குடியா சூதாட்டமா, உனக்கு என்ன குறை" என்பார்கள். குறை இருக்கிறது என்று எனக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. நான் பைத்தியம் இல்லை என்று எனக்குக் காட்டிக்கொள்ள ஒரு எண் தேவைப்பட்டது. முப்பத்தொன்று என்று வந்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கல்லூரிக்குப் போன முதல் வாரத்தில் ஒரு பையன் என் பக்கம் திரும்பி, "மிஸஸ் பி, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டான். பத்தொன்பது வயதுப் பையன். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். என்ன நினைக்கிறேன் என்று யாராவது என்னைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது.

மற்றபடி, நான் உங்களுக்குத் துரோகம் எதுவும் செய்யவில்லை. முறைப்படி செய்தேன். கவனிக்கிறவர் தூண்டிவிடக் கூடாது என்பது விதி. நான் ஒன்று கேட்டு நீங்கள் பதில் சொன்னால், அது என்னால் வந்த பேச்சு, உங்கள் இயல்பு இல்லை. அதனால் அந்த மூன்று வாரமும் நானாக உங்களிடம் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் ஏதாவது கேட்டால் மட்டும் பதில் சொன்னேன், அதையும் சுருக்கமாக. ஒரு நாள்கூட மீறவில்லை. வகுப்பில் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை என்று மிஸஸ் ஆக்டனே சொன்னார்.

தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். இன்னும் ஆறு வாரம்கூட இல்லை.

நெனிதா


மீன் ஆலை
ஜூலை 31

நெனி,

அப்படியா சங்கதி.

உன் கடிதத்தில் அந்தப் பத்தியை நான்கு தடவை படித்தேன். பிறகு மீன் வெட்டும் மேஜைக்குப் போனேன். அடுத்தடுத்து இரண்டு மீனைக் கோணலாக வெட்டினேன். மேஸ்திரி என்னை அனுப்பி, பெட்டி அடுக்குகிற இடத்தில் நிறுத்திவிட்டான்.

அந்த மூன்று வாரத்தை நான் சொல்கிறேன், கேள். என் பக்கத்திலிருந்து.

மார்ச் மாதம் பாதியில் ஒரு நாள் வெட்டு முடிந்து வீட்டுக்கு வந்தேன். வழக்கமாக நீ அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்பாய், "தோட்டத்துல சேறா?" நான் "ம்" என்பேன். அது எனக்குப் போதும். நீ அதைப் பேச்சு என்று எண்ணியிருக்க மாட்டாய், நான் அதைப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு நீ கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. "சாப்டீங்களா" நின்றது. "கால் வலிக்குதா" நின்றது. தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து என்னைப் பார்ப்பாய். பார்த்துக்கொண்டே இருப்பாய், மேஜைக்கு அடியில் கையில் பென்சில் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கல்லூரியில் உனக்கு ஒருவன் கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். சிரிக்காதே. சட்டை போட்ட, ஆங்கிலம் பேசுகிற ஒருவன். என்னை விட்டுப் போகப் போகிறாய், அதற்கு முன்னால் பேச்சை நிறுத்திப் பழகுகிறாய் என்று நினைத்தேன். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ வலைக்கதவைச் சரிபண்ணினேன், நீ இரண்டு வருஷமாகச் சொன்னது. பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு நாள் ஃப்ளோரோ வீட்டிலிருந்து உனக்குப் பிடித்த தேங்காய் பிபிங்கா அப்பம் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். "உனக்குத்தான்" என்றேன். நீ தலையை ஆட்டினாய். நோட்டில் பார்த்தேன், அந்த நாளில் ஒரே ஒரு கோடு கூடியிருக்கிறது. ஒரு வார்த்தை. சரிதான். உன் கணக்கில் தப்பு இல்லை.

ஒரு மனிதன் எப்போதும் கொஞ்சமாகப் பேசுகிறான். பக்கத்தில் இருப்பவள் திடீரென்று அடியோடு நிறுத்திவிடுகிறாள். அவன் அதைவிட எப்படிப் பேசுவான்? நீ ஒரு ஆளின் தண்ணீரை நிறுத்திவிட்டு, எவ்வளவு குடிக்கிறான் என்று அளந்திருக்கிறாய்.

பதினான்காம் நாள். மார்ச் 26, திங்கள். அங்கே கோடு எதுவும் இல்லை. பூஜ்யம் போட்டிருக்கிறாய். பக்கத்தில் "மிக நல்லது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாய். நோட்டில் மற்றதெல்லாம் எனக்கு எரிச்சல்தான். அந்த ஒரு வரிக்காகத்தான் சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்.

டெல்ஃபின்


ஸ்டாக்டன்
ஆகஸ்ட் 8

மனோங் டெல்ஃபின்,

கல்யாணமான புதிதில் இப்படித்தான் உங்களைக் கூப்பிட்டேன். பேருக்கு முன்னால் அந்த மரியாதையை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. பூஜ்யம் போட்ட நாள், கட்டுரைக்காக வரையும் கோட்டுப் படத்தில் பளிச்சென்று தெரியும். அதற்குச் சந்தோஷப்பட்டு அப்படி எழுதினேன். வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

அன்று மத்தியானம் நான் உள்ளே வந்தபோது நீங்கள் கொல்லைப்பக்கப் படியில் நாயோடு உட்கார்ந்திருந்தீர்கள். தொப்பியைக் கழற்றாமல். நான் நாலு மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது படுத்துவிட்டீர்கள். சோறு அப்படியே இருந்தது. சோறு அப்படியே இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் கேட்கவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது?

நெனிதா


மீன் ஆலை
ஆகஸ்ட் 16

நெனி,

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன். மீன் குறைந்துவிட்டது, நேரம் இருக்கிறது.

அன்றைக்குத் தபாலில் பிலிப்பைன்ஸிலிருந்து, நம் ஊர் பத்தாக்கிலிருந்து கடிதம் வந்தது. என் தம்பி அம்ப்ரோசியோவின் மனைவி எழுதியது. அவன் பிப்ரவரி 27 அன்று இறந்துவிட்டான். நெஞ்சு வலி. வயலிலிருந்து வந்து, தண்ணீர் கேட்டு, தண்ணீர் வருவதற்குள். நாற்பத்து நான்கு வயது. எனக்குத் தெரிந்தபோது அவனைப் புதைத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அந்த ஒரு மாதமும் நான் இங்கே அஸ்பாரகஸ் வெட்டிக்கொண்டு, சிகரெட் பிடித்துக்கொண்டு, அவன் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ வந்தாய். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். "என்ன" என்று கேட்டிருந்தால் போதும். நானாகவே சொல்லியிருக்கலாம் என்று நீ சொல்வாய். சொல்லியிருக்கலாம். எனக்கு ஆரம்பிக்க வராது. அது என் குறை, அதற்கு நீ பொறுப்பில்லை. நீ பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

அப்புறம் நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. டிரக்கை எடுத்துக்கொண்டு உன் கல்லூரிக்கு வந்தேன். உன்னிடம் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். இரண்டு வருஷத்தில் அந்த வாசலுக்கு நான் வந்ததில்லை. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், எதிரே புல்தரையில் நீ. சுற்றி நான்கைந்து பிள்ளைகள். நீ பேசிக்கொண்டிருக்கிறாய். இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி. ஏதோ சொல்லி நிறுத்தினாய், எல்லோரும் சிரித்தார்கள், நீ அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாய். ஜன்னல் மூடியிருந்தும் எனக்குக் கேட்டது. அந்தப் பெண்ணை நான் பார்த்து எத்தனை வருஷம். சாவுச் செய்தியைக் கொண்டுபோய் அந்தச் சிரிப்பில் போட எனக்கு மனசு வரவில்லை. அதுவும் பொய், முழு உண்மை இல்லை. நான் வந்து நின்றால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும், அதைப் பார்க்கப் பயம்.

நீங்கள் எல்லோரும் உள்ளே போனீர்கள். நான் டிரக்கில் உட்கார்ந்து பேசினேன். வாய்விட்டு. அம்ப்ரோசியோவைப் பற்றி ஒன்று விடாமல், நம் பாஷையில், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டி, "சார், ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

ஆக, உன் பூஜ்யம் தப்பு. அன்றைக்கு நான் நிறையப் பேசினேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு சாக்ரமென்டோவுக்குப் போ. அந்தப் புல்தரையில் இருந்தவள் அங்கேதான் இருக்க வேண்டும். நான் இந்த வருஷம் திரும்பவில்லை. ஆலையை மூடிய பிறகு குளிர்காலம் முழுக்க இரண்டு பேர் காவல் இருக்க வேண்டும். ஒருவர் ஹால்வர் என்ற நார்வேக்காரக் கிழவர், காது கேட்காது. இன்னொருவன் கிடைக்கவில்லை என்று மானேஜர் தேடிக்கொண்டிருந்தார். பேச்சு வராதவனுக்கும் காது கேட்காதவருக்கும் நன்றாகப் பொருந்தும் என்று நான் பெயர் கொடுத்துவிட்டேன். நாயை ஃப்ளோரோ வீட்டில் விடு.

டெல்ஃபின்


ஸ்டாக்டன்
ஆகஸ்ட் 25

மனோங்,

உங்கள் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. இன்று காலையில் பஸ் பிடித்துப் போய் மிஸஸ் ஆக்டனை அவர் வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை என்றும் பார்க்கவில்லை. நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

படிவத்தை எடுத்துக்கொண்டுதான் போனேன். பதினான்காம் நாள் தப்பு என்று சொன்னேன். அவர், "ஒரு நாள்தானே, அத மட்டும் எடுத்துட்டு இருபது நாள் கணக்கு குடுங்க, போதும்" என்றார். இருபத்தொரு நாளும் தப்பு, நான் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அதில் இருக்கிறது, என் வீட்டுக்காரர் பேசாதது இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார், "நெனிதா, இதையே எழுதுங்க. கவனிக்கிறவங்களே எப்படி எல்லாத்தையும் கெடுத்துடுவாங்கன்னு. இதைவிட நல்ல கட்டுரை இந்த வருஷம் என்கிட்ட வராது. முதல் வகுப்பு மார்க் போடுவேன்." கையெழுத்தும் இருக்கிறது. ஆறு நாள் இருக்கிறது. உட்கார்ந்தால் இரண்டு நாளில் எழுதிவிடுவேன்.

பஸ் நிறுத்தம்வரை எழுதத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியை மனதில் போட்டேன். "மார்ச் 26 அன்று பங்கேற்பாளருக்கு அவருடைய சகோதரரின் மரணச் செய்தி கிடைத்தது." நல்ல வரி. அதற்கு மேல் முடியவில்லை. உங்கள் தம்பியை எடுத்து இரண்டாவது தடவையும் மதிப்பெண் வாங்குவதா? திரும்பிப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் தேர்ச்சி இல்லை. சாக்ரமென்டோ இல்லை. செப்டம்பரில் அதே பாடத்துக்கு அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். இதைத் தியாகம் என்று நினைத்து உருகாதீர்கள், எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. உங்கள்மேலும் ஆத்திரம். கதவைத் திறந்து புல்தரைக்கு வந்திருக்கலாம். சிரிப்பு நின்றிருக்கும். நின்றால் என்ன?

அம்ப்ரோசியோவை எனக்கு நினைவிருக்கிறது. ஊரில் நம் கல்யாணத்தன்று பன்றியைச் சுட்டது அவர்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவர் என்னை அண்ணி என்று கூப்பிட்டதும் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இறந்தவர்களுக்குச் சொல்கிற ஒன்பது நாள் ஜெபத்தை அவருக்கு இங்கே யாரும் வைக்கவில்லை. ஆறு மாதம் தாமதம்தான். பாதிரியாரிடம் கேட்டேன், "சொல்லுங்கம்மா, அவருக்கு அங்க காலண்டர் கிடையாது" என்றார். இன்று சாயங்காலம் ஆரம்பிக்கிறேன். ஃப்ளோரோவின் மனைவியும் தெருவில் நாலு பெண்களும் வருகிறார்கள். அவர் படம் என்னிடம் இல்லை. கல்யாணப் படத்தில் ஓரத்தில் பாதி முகம் இருக்கிறது, அதை வைக்கிறேன்.

ஆலை ஆட்கள் செப்டம்பர் முதல் தேதி கிளம்புகிறார்கள் என்று ஃப்ளோரோவின் மனைவி சொன்னாள். நீங்களும் அதில் வாருங்கள். காவலுக்கு வேறு ஆள் பார்க்கட்டும். அம்ப்ரோசியோவைப் பற்றி டிரக்கிடம் சொன்னதை என்னிடம் சொல்லுங்கள். எனக்குக் கேட்க வேண்டும்.

நெனிதா


மீன் ஆலை
செப்டம்பர் 9

நெனி,

பனிமூட்டத்தில் பத்து நாள் விமானம் வரவில்லை. முதல் தேதி மட்டும் வானம் ஒரு மத்தியானம் விட்டது, ஆட்களைப் படகில் ஏற்றி அனுப்பினோம். ஃப்ளோரோ கடைசியாக ஏறினான். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது.

தபால் விமானத்தில் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. விமானி கேட்டான், "வர்றியா, இனிமே ரெண்டு வாரம் ஆவும்." ஹால்வர் கிழவர் பின்னால் நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபத்தொரு வயது. கொதிகலன் வெடித்தாலும் அவருக்குக் கேட்காது. வரவில்லை என்றேன்.

கிழவர்தான் காரணம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவர் இல்லாவிட்டாலும் ஏறியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை, நெனி. நீ சாக்ரமென்டோ போக வேண்டுமென்று நான் இங்கே தங்கினேன். என் தம்பிக்காக நீ அந்த இடத்தை விட்டுவிட்டு, நான் வர வேண்டும் என்கிறாய். இப்போது இரண்டும் இல்லை. இதை எழுதும்போதே பார், எவ்வளவு முட்டாள்தனமாக இருக்கிறது. பாடத்தை மறுபடி படி. அடுத்த வருஷம் அந்த இடத்தைக் கேள். இந்தத் தடவை நகம் கடிக்கிறவன் யாரையாவது பிடி.

ஜெபம் சொன்னாய் என்று படித்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்துதான் மீதியைப் படித்தேன்.

நீ கேட்டாய். சொல்கிறேன்.

நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது அவனுக்குப் பதினைந்து வயது. பஸ் நிலையத்தில் எல்லோரும் அழுதார்கள், அவன் மட்டும் அழவில்லை. பஸ் கிளம்பியதும் ஓடி வந்து படியில் ஏறிக்கொண்டான். "அடுத்த ஊர்ல எறங்கிடுறேன்" என்றான். அடுத்த ஊரில் இறங்கவில்லை. மூன்று ஊர் தாண்டினோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். எருமை எப்போது கன்று போடும், கூரைக்கு எத்தனை கட்டு புல் வேண்டும், பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தான். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் நானும் இறங்கிவிடுவேன். கண்டக்டர் கடைசியில் அவனைக் கையைப் பிடித்து இறக்கினார். இறங்கி நின்று, "அண்ணே, நீ ஒண்ணுமே சொல்லலியே" என்றான். பஸ் போய்விட்டது. அங்கிருந்து வீட்டுக்குப் பதினோரு மைல். நடந்துதான் போயிருக்கிறான். அம்மா பிறகு எழுதினாள்.

டிரக்கில் உட்கார்ந்து இதைத்தான் முதலில் சொன்னேன். இன்னும் இருக்கிறது. அடுத்த விமானத்துக்குள் எழுதி வைக்கிறேன். இங்கே மாலை நான்கு மணிக்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, எழுதுவது எளிதாக வருகிறது. நீயும் எழுது. கேள்வியை மட்டுமே எழுதி நிறுத்தாதே. அன்றைக்குப் புல்தரையில் அந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்லிச் சிரித்தாய் என்று எழுது. ஐந்து மாதமாக அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று இருக்கிறது.

மே மாதம் என் இடத்துக்கு ஆள் வருவான். நான் வந்துவிடுவேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நான் பையோடு வாசலில் நிற்பேன், நீ கதவைத் திறப்பாய், இவ்வளவும் எழுதிய பிறகு, நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவேன். அப்படிப் போனால் என்னை விட்டுவிடாதே, நெனி. பின்னாலேயே வந்து ஏதாவது கேள்.

டெல்ஃபின்